எதிர்ப்பு ஓவியம் என்றால் முஷ்டியும் முள்ளுக்கம்பியும் மட்டும்தானா?

சித்திரப்பாடம் (கிளிநொச்சி)

எல்லோருக்கும் வணக்கம். உயர்தர வகுப்புக்குச் சித்திரம் படிப்பிக்கிறேன். 'அதிகாரத்துக்கு எதிரான குரல்' என்று தலைப்புக் கொடுத்தால் வகுப்பில் முக்கால்வாசிப் பேர் ஒரே படத்தைத்தான் வரைகிறார்கள். உயர்த்திய முஷ்டி, மணிக்கட்டில் அறுந்த சங்கிலி, பின்னால் முள்ளுக்கம்பி, அதற்கு அப்பால் சிவப்புச் சூரியன். கொஞ்சம் கெட்டிக்காரப் பிள்ளை என்றால் வாயில் பூட்டுப் போட்ட முகம். எல்லாம் போனில் தேடி எடுத்தவை. கோடு நன்றாக வருகிறது, நிழல் போடவும் தெரிகிறது. ஆனால் மணிலாவில் இருக்கிற பிள்ளை வரைந்திருந்தாலும் அந்தப் படம் அப்படியேதான் இருந்திருக்கும்.

பிள்ளைகளைக் குறை சொல்ல வரவில்லை. போர் முடிந்த 2009இல் இவர்கள் கைக்குழந்தைகள், சிலர் செட்டிகுளம் மெனிக் பாம் அகதி முகாமில் தவழ்ந்தவர்கள். கண் திறந்த நாளில் இருந்து இவர்கள் பார்த்து வளர்ந்த சிற்பங்கள் எவை என்று யோசித்துப் பாருங்கள். ஏ9 வீதியில் கிளிநொச்சி நகருக்குள் அந்தப் பெரிய கொங்கிறீற் கனசதுரம், பக்கத்தில் துளைத்த வெடிப்பு, உச்சியில் தாமரை. ஆனையிறவில் தீவின் வரைபடத்தை ஏந்தி நிற்கும் கைகள். புதுக்குடியிருப்புப் பக்கம் போனால் துப்பாக்கியும் கொடியுமாக எழும்பி நிற்கும் சிப்பாய். போர் எப்படி முடிந்தது என்பதற்கு வென்றவர்களின் படம் ஊர் ஊராக நட்டு வைத்திருக்கிறது. புலிப் போராளிகளைப் புதைத்த கனகபுரம் துயிலும் இல்லத்திலோ உடைத்த கல்லறைத் துண்டுகளை அள்ளிக் குவித்து வைத்திருக்கிறோம். சனம் 2016இல்தான் அங்கே பற்றையை வெட்டித் துப்புரவாக்கித் திரும்பவும் விளக்கேற்றியது.

இப்படிப்பட்ட மண்ணில் ஒரு பிள்ளை எதை வரைந்தால் அது மறுப்பாக நிற்கும்? என் எண்ணத்தையும் சொல்லிவிடுகிறேன். எங்களிடம் கேட்கப்படுவது மறதி. ஆகவே இங்கே இருந்ததை இருந்தபடி, இடமும் அளவும் பிசகாமல் வரைவதுதான் எங்கள் பிள்ளைகள் செய்யக்கூடிய பெரிய எதிர்ப்பு என்று நினைக்கிறேன். உங்கள் கருத்தைச் சொல்லுங்கள். வேறு ஊர்களில் ஓவியர்கள் என்ன செய்தார்கள் என்றும் எழுதினால் வகுப்பில் காட்டுவேன்.

---

ஏ9_ஓரம் (பரந்தன்)

ரீச்சர், முஷ்டியை இவ்வளவு லேசாகத் தள்ளிவிடாதீர்கள். ரோட்டில் போகிற பஸ்ஸில் இருந்து பார்க்கிறவருக்குக் கிடைப்பது இரண்டு செக்கன். அந்த இரண்டு செக்கனில் 'இங்கே ஒரு சனம் கோபமாக இருக்கிறது' என்று தெரியவேண்டும். அதற்கு முஷ்டி போதும். அளவு பிசகாத படத்தை யார் நின்று பார்க்கப் போகிறார்?

ஆனால் ஒன்றை ஒத்துக்கொள்கிறேன். கேப்பாப்பிலவில் 2017இல் படையினர் பிடித்த காணியைத் திருப்பிக் கேட்டுப் போராட்டத்தில் இருந்தார்களே, பிலக்குடியிருப்புச் சனம் முகாம் வாசலிலேயே ஒரு மாதம் இருந்து மார்ச் 1இல் காணிக்குள் போனார்கள். அங்கே மட்டையில் எழுதினதும் வரைந்ததும் ஏராளம். எதுவும் எனக்கு இப்போது ஞாபகம் இல்லை. ஞாபகத்தில் நிற்பது ஒரு அம்மா தன் காணிப் பத்திரத்தைப் பொலித்தீன் உறைக்குள் வைத்தபடியே கமராவுக்கு நேரே தூக்கிப் பிடித்ததுதான். அவருக்குப் பின்னால் முகாம் வேலி, வேலிக்குள்ளே அவருடைய தென்னை.

---

பழங்காகிதம் (வவுனியா)

நான் பல்கலைக்கழகத்தில் நுண்கலை படித்தவன். ரீச்சர் சொல்வதற்கு வலுவான முன்னோர் இருக்கிறார்கள், வகுப்புக்கு உதவும் என்று கொஞ்சம் விரிவாகவே எழுதுகிறேன்.

முதலாவது கோயா. ஸ்பெயினுக்குள் நெப்போலியனின் படை புகுந்த பிறகு 1810இல் இருந்து பத்து வருடமளவில் செப்புத் தகடுகளில் போரைச் செதுக்கினார். அவர் உயிரோடு இருந்த காலத்தில் அந்தத் தொடர் வெளியாகவே இல்லை. அவர் இறந்தது 1828இல், எண்பது தகடுகள் கொண்ட தொகுதியாக வெளிவந்தது 1863இல். அதில் 44ஆவது தகட்டைப் பிள்ளைகளுக்குக் கட்டாயம் காட்டுங்கள். சனம் ஊரை விட்டு ஓடுகிறது. ஒரு தாய் குழந்தையை இடுப்பில் அணைத்தபடி இன்னொரு பிள்ளையைக் கையில் பிடித்து இழுக்கிறாள், பிள்ளை திரும்பி எதையோ பார்க்கிறது. கீழே சிறிய வாசகம்: 'இதைக் கண்டேன்'. முள்ளிவாய்க்காலுக்குள் நடந்து போன யாரும் அந்தத் தாயை அடையாளம் கண்டுகொள்வார்கள். அந்தத் தகட்டில் முஷ்டி கிடையாது, கொடி கிடையாது. எந்தப் படை வருகிறது என்பதையும் காட்டவில்லை.

இரண்டாவது சித்தபிரசாத். 1943 வங்காளப் பஞ்சத்தில் மிதுனாப்பூர் பக்கம் ஊர் ஊராக நடந்து, செத்துக் கிடந்தவர்களையும் சாகக் கிடந்தவர்களையும் மையால் வரைந்தார், யார் எந்த ஊர் என்று கூடவே எழுதினார். அது சிறு நூலாக வந்ததும் வெள்ளைக்கார அரசு பறித்து எரித்தது. அரசைத் திட்டி எழுதிய துண்டுப் பிரசுரங்கள் அந்தக் காலத்தில் குறைவா? பட்டினிகிடந்த ஒரு மனிதனின் விலா எலும்பைச் சரியாக வரைந்த புத்தகத்துக்குத்தான் அவ்வளவு பயம்.

மூன்றாவது எங்கள் ஆள். யாழ்ப்பாணத்துத் தா. சனாதனன் 2011இல் 'இன்கம்பிளீட் தோம்பு' என்று ஒரு நூல் செய்தார். தோம்பு என்றால் ஒல்லாந்தர் காலக் காணிப் பதிவேடு. இடம்பெயர்ந்த சனத்திடம் போய் 'விட்டுவந்த வீட்டை ஞாபகத்தில் இருந்து கீறித் தாருங்கள்' என்று கேட்டு வாங்கினார். அவர்கள் கீறிய நிலப்படம், அதையே கட்டடக்கலைஞர் ஒருவரைப்போல அளவாகத் திருப்பி வரைந்த படம், அதற்குப் பக்கத்தில் ஓவியர் வரைந்த படம், இப்படி ஒவ்வொரு வீட்டுக்கும். கந்தோர்க் கோப்புப் போலவே கட்டியிருக்கிறது. அரசு தன் பதிவேட்டில் எழுதாமல் விட்டதைச் சனமே பதிவேடாக எழுதிய நூல் அது. ரீச்சர் கேட்ட கேள்விக்கு எனக்குத் தெரிந்த நேரான பதில் இதுதான்.

---

பிறின்ற்கடை (முல்லைத்தீவு)

நான் ஓவியன் இல்லை. பதாகை, கலியாண அட்டை, மரண அறிவித்தல் அடிக்கிற கடை வைத்திருக்கிறேன். ஆனால் இந்த விஷயத்தில் எனக்குச் சொல்ல இருக்கிறது.

காணாமல் ஆக்கப்பட்டவர்களின் சொந்தங்கள் 2017 பெப்ரவரி 20 கிளிநொச்சிக் கந்தசுவாமி கோயிலடியில் போராட்டத்தில் இருக்கத் தொடங்கினார்கள், நாலு நாளில் வவுனியா, மார்ச் 8 முல்லைத்தீவு. அவர்கள் கையில் வைத்திருக்கிற படங்களில் நிறைய என் கடைக்குள்ளால் போனவை. ஒரு அம்மாவிடம் மகனின் அடையாள அட்டைப் படம் மட்டும்தான் மிச்சம். நந்திக்கடல் தண்ணிக்குள்ளால் நெஞ்சோடு வைத்துக் கொண்டுவந்த அட்டை, லமினேற் பிரிந்து உள்ளே ஈரம் போய்ப் படத்தில் வெள்ளைப் புள்ளி. அதை ஸ்கான் பண்ணிப் பெரிதாக்கி, புள்ளி புள்ளியாக எடுத்து, காதோரம் போயிருந்த இடத்தை மற்றக் காதைப் பார்த்துச் சரிக்கட்டினேன். அந்த அம்மா பக்கத்தில் கதிரை போட்டு இருந்து பார்த்தார். கொம்பியூட்டர் தானாகத் தோலை மினுக்கி நெற்றியில் இருந்த தழும்பையும் எடுத்துவிட்டது. அவர் உடனே கண்டார். 'தம்பி, அந்தத் தழும்பை எடுக்காதே. அது பாலை மரத்தில் ஏறி விழுந்தது. அது இல்லாவிட்டால் அவன் என்ர பிள்ளை இல்லை' என்றார். திருப்பிப் போட்டுக் கொடுத்தேன்.

இப்போது போனில் ஒரு அப் வந்திருக்கிறது, பழைய படத்துக்குக் கலரும் சிரிப்பும் கொடுக்கும். சில கடைகளில் அதில் போட்டுக் கொடுக்கிறார்கள். வடிவாகத்தான் இருக்கிறது. அந்த அம்மாமார் அதைக் கையால் தொடவும் விரும்புவதில்லை. ரீச்சர் சொல்கிற 'இருந்தது இருந்தபடி' எனக்கு அங்கேதான் விளங்கியது.

இன்னொன்று. பிளெக்ஸ் பதாகை வெயிலில் கிடந்தால் முதலில் சிவப்பும் மஞ்சளும் போகும், நீலமும் கறுப்பும் நிற்கும். ஒரு கோடை முடிய எல்லா முகமும் நீலமாகிவிடும். திருப்பி அடிக்க வருவார்கள். சிலருக்குத் திருப்பி அடிக்கவேண்டி வரவில்லை, படத்தைப் பிடித்திருந்த தாயே செத்துப்போனார். பிறகு தாயின் படத்தையும் நான்தான் அடித்தேன்.

எங்கள் தொழிலுக்கும் தொந்தரவு உண்டு. நவம்பர் 27 மாவீரர் நாள், மே 18 முள்ளிவாய்க்கால் நினைவு நாள் கிட்ட வந்தால் யார் என்ன அடிக்கத் தந்தார்கள் என்று கேட்டுச் சீருடை இல்லாமல் ஆட்கள் வருவார்கள். பிரதி எடுத்துக்கொண்டு போவார்கள். அடிக்கமாட்டேன் என்று சொன்ன கடைக்காரர்களை நான் குறை சொல்லமாட்டேன், பிள்ளைகுட்டிக்காரர்கள்.

---

குளக்கட்டு (துணுக்காய்)

பிறின்ற்கடை அண்ணை எழுதியதைப் படித்து நிறைய நேரம் ஒன்றும் எழுதமுடியவில்லை.

ஆனால் ஒரு சந்தேகம் கேட்கவேண்டும். அந்த அம்மா தன் பிள்ளையைத் தேடி இருக்கிறார். நாங்கள் அதைக் கொண்டுவந்து 'எதிர்ப்புக் கலை' என்ற பெட்டிக்குள் போடலாமா? துக்கம் துக்கம்தானே. எல்லாத் துக்கத்துக்கும் கிளர்ச்சி என்று பெயர் வைத்தால், சும்மா அழுவதற்குக்கூட இந்த மண்ணில் இடமில்லாமல் போகும். வெளிநாட்டில் இருந்து கமராவோடு வருகிறவர்கள் அழுகிற முகத்தைக் கிட்டப் போய் எடுத்துக்கொண்டு போய்க் கண்காட்சி வைக்கிறார்கள், அதுவும் எனக்குப் பிடிக்கவில்லை.

---

பழங்காகிதம் (வவுனியா)

குளக்கட்டு கேட்பது நியாயம். இதற்குக் கெத்தே கொல்விட்ஸ் என்ற ஜெர்மன் பெண் ஓவியரைச் சொல்லலாம். நெசவாளர் கலகத்தை வைத்து அவர் செய்த தொடருக்கு 1898இல் தங்கப் பதக்கம் கொடுக்க நடுவர்கள் விரும்பினார்கள், கெய்சர் மறுத்துவிட்டார். பிறகு 1914இல் அவருடைய இளைய மகன் பீற்றர் போருக்குப் போய் பெல்ஜியத்தில் செத்தான். மகனுக்கு ஒரு சிலை செய்யத் தொடங்கினார். முதலில் மகனையே சேர்த்துச் செய்ய நினைத்து, மாற்றி மாற்றி, 1932இல்தான் முடிந்தது. அதில் மகன் இல்லை. முழங்காலில் நிற்கிற தகப்பனும் தாயும் மட்டும். தாய் குனிந்திருக்கிறாள். அடுத்த வருடமே நாஜிகள் வந்து அவரைக் கலைக் கழகத்தை விட்டுத் துரத்தினார்கள்.

துக்கம் தானாக எதிர்ப்பாக மாறுவதில்லை என்பது சரி. அழவேண்டாம், வீரமாகச் செத்தான் என்று சொல் என்று அரசு கேட்கிற இடத்தில் அழுதால் அது அரசுக்குப் பொறுக்காது. எங்களுக்கோ 'அப்படி ஒருவர் இருக்கவே இல்லை' என்று சொல்கிறார்கள். அங்கே நெற்றித் தழும்போடு ஒரு முகத்தைத் தூக்கிப் பிடித்தால் அதற்குப் பெயர் வைப்பது நாங்கள் இல்லை. பார்த்துப் பயப்படுகிறவர்கள் ஏற்கனவே வைத்துவிட்டார்கள்.

---

தூரிகை_முதியவன் (விசுவமடு)

தம்பி தங்கச்சிமாரே, எல்லோரும் அரசைப் பற்றியே எழுதுகிறீர்கள். நான் 2009க்கு முதல் இங்கே புலிகளுக்குப் பதாகையும் கட்டவுட்டும் வரைந்தவன். தகரத்தில் இனாமல் பெயின்ற். மாவீரர் வாரத்தில் இரவு பகலாக வேலை, மெழுகுதிரி வெளிச்சத்திலும் வரைந்திருக்கிறேன். விரும்பித்தான் வரைந்தேன், அதில் எனக்குப் பெருமையும் இருந்தது. அந்தப் படங்கள் கொழும்புக்கு எதிரான எதிர்ப்பு, சந்தேகம் இல்லை. ஆனால் வன்னிக்குள்ளே அதுதான் அதிகாரத்தின் படமும்.

2007, 2008இல் கட்டாய ஆட்சேர்ப்பு நடந்த காலத்தில் பிள்ளைகளை வீட்டுக்குப் பின்னால் பங்கர் வெட்டி ஒளித்தோம். பதின்ம வயதுப் பிள்ளைகளுக்கு அவசரமாகத் தாலி கட்டி வைத்தோம். என் வீட்டுப் பிள்ளையும் ஒளிந்து இருந்தது. பகலில் நான் போய் வீரம் வரைந்தேன், இரவில் வந்து பங்கர் மூடியைத் திறந்து சோறு கொடுத்தேன். அந்தப் பங்கரை வரைந்த ஒரு படத்தை இன்றுவரை நான் எங்கும் காணவில்லை. அன்று வரைய முடியாது. இன்று ஏன் யாரும் வரைவதில்லை?

ரீச்சர், அதிகாரத்தை மறுக்கிற படம் என்று பிள்ளைகளுக்குச் சொன்னால் இதையும் சொல்லுங்கள்.

---

வற்றாப்பளை_வாசி (முல்லைத்தீவு)

ஐயா, உங்கள் வயதுக்கு மரியாதை. ஆனால் இதை இப்போது கதைத்தால் யாருக்கு லாபம்? எல்லாவற்றையும் இழந்த பக்கத்தையும் எல்லாவற்றையும் அழித்த பக்கத்தையும் ஒரே தராசில் வைக்கிறீர்கள். நாளைக்கு இதை எடுத்துப் போட்டு 'பார், அவர்களே சொல்கிறார்கள்' என்பார்கள். எங்கள் நினைவுக்கல்லைக்கூட விட்டுவைக்காதவர்கள். 2021 மே 12 இரவு முள்ளிவாய்க்காலில் நினைவிடத்தை உடைத்து, புதிதாக நடக் கொண்டுவந்த கல்லையே காணாமல் போகச் செய்தார்கள். அதே வருடம் ஜனவரி 8 இரவு யாழ்ப்பாணப் பல்கலைக்கழகத்து நினைவுத்தூபி. அங்கே மாணவர்கள் வாசலில் இருந்து உண்ணாவிரதம் பிடித்துத்தான் 11ஆம் திகதி திரும்ப அடிக்கல் வைக்கவைத்தார்கள். முதலில் அதை வரையட்டும் பிள்ளைகள்.

---

தூரிகை_முதியவன் (விசுவமடு)

மகன், தராசு என் கையில் இல்லை. நான் எடைபோடவும் இல்லை. அழித்தது யார் என்று எனக்குத் தெரியும், என் வீட்டில் மூன்று பேரை அந்தக் கடைசி மாதங்களில் எறிகணையில் குடுத்தவன். இருந்ததை இருந்தபடி வரையவேண்டும் என்று ரீச்சர் சொன்னார். அப்படியென்றால் பங்கரும் இருந்தது. பாதியை விட்டுவிட்டு வரைந்தால் அதுவும் ஒரு கட்டவுட்தான், நான் நிறைய வரைந்திருக்கிறேன்.

---

சித்திரப்பாடம் (கிளிநொச்சி)

ஐயா சொன்னதை நான் ஏற்கிறேன். வற்றாப்பளை_வாசி அண்ணா, உங்கள் பயமும் எனக்கு விளங்குகிறது, எங்கள் சொல்லை எங்களுக்கு எதிராகவே எடுப்பார்கள். இருந்தாலும் வகுப்பில் ஒரு பிள்ளை தன் அம்மம்மாவிடம் கேட்டு அந்தப் பங்கரை வரைந்துகொண்டு வந்தால் 'இதை வரையாதே' என்று சொல்ல என்னால் முடியாது. அப்படிச் சொன்னால் நானும் ஒரு அதிகாரம்.

---

தையல்_அக்கா (தர்மபுரம்)

நான் தையல் மெஷின் வைத்து இருக்கிறேன். வரையத் தெரியாது. ஒன்று கேட்கவேண்டும்.

கடைசி நேரத்தில் பங்கருக்கு மண்மூடை தைக்கச் சாக்கு இல்லை. சீலையை வெட்டித் தைத்தோம். முதலில் பழைய சீலை, பிறகு நல்ல சீலை, கடைசியில் கூறைச் சீலை. அரக்குக் கூறையில் சரிகைக் கரை இருக்கும்தானே, அந்தக் கரை மூடையின் வாய்ப்பக்கம் வருமாறு மடித்துத் தைப்போம், அது பலம், கட்டினால் பிரியாது. இரணைப்பாலை, புதுமாத்தளன் எல்லாம் பார்த்தால் கடற்கரை முழுக்கப் பட்டும் சரிகையுமாக மண்மூடை அடுக்கியிருக்கும். நான் எத்தனை கூறை தைத்தேன் என்று எண்ணவில்லை. ஒவ்வொன்றும் ஒருத்தியின் கலியாணம்.

அந்த மாதிரி ஒரு மூடையைத் திரும்பத் தைத்து ஒரு இடத்தில் வைத்தால் அது ஓவியமா? அப்படிச் செய்வது சரியா? காசுக்கு விற்கிற சாமானாகிவிடுமோ என்று பயமாகவும் இருக்கிறது.

---

பழங்காகிதம் (வவுனியா)

அக்கா, நீங்கள் கேட்டதற்கு சிலி நாட்டில் ஒரு விடை இருக்கிறது. 1973இல் பினோசே ஆட்சியைப் பிடித்த பிறகு ஆயிரத்துக்கு மேற்பட்டவர்களைக் காணாமல் ஆக்கினார்கள். தேடித் திரிந்த மனைவிமாரும் தாய்மாரும் தேவாலயத்தின் உதவியோடு கூடி இருந்து சாக்குத் துணியில் துண்டுத் துணிகளை ஒட்டித் தைத்துப் படம் செய்தார்கள். 'அர்ப்பியேரா' என்பார்கள். மலை, சூரியன், சின்ன வீடுகள். கிட்டப் போய்ப் பார்த்தால் வீட்டு வாசலில் பொலிஸ் வாகனம், தெருவில் 'அவர்கள் எங்கே' என்று எழுதிய பதாகையோடு பெண்கள். சிலர் காணாமல்போன ஆளின் சேட்டுத் துணியையே வெட்டி உருவமாகத் தைத்தார்கள். அதைத் தேவாலயம் ஒளித்து வெளிநாட்டுக்கு அனுப்பி விற்றது, அந்தக் காசில் அவர்கள் அடுப்பு எரிந்தது. ஆகவே விற்றதால் அது கெடவில்லை. நாட்டைக் கேவலப்படுத்துகிறார்கள் என்று ஆட்சிக்கு வேண்டிய பத்திரிகைகள் கத்தின. கைவேலை செய்கிற ஏழைப் பெண்கள்தானே என்று முதலில் அசட்டையாக விட்டவர்கள் அவர்கள்.

பக்கத்து ஆர்ஜென்ரீனாவில் 1983 செப்ரெம்பர் 21, இன்னும் இராணுவ ஆட்சி இருக்கும்போதே, புவனஸ் அயர்ஸில் தாய்மார் கூடுகிற சதுக்கத்தில் பெரிய கடதாசியை நிலத்தில் விரித்தார்கள். வந்தவர்கள் ஒவ்வொருவராக அதில் படுக்க, மற்றவர்கள் உடம்பைச் சுற்றிக் கோடு கீறினார்கள். அந்த வெறும் உருவங்களைச் சுற்றியுள்ள சுவரெல்லாம் நிற்கிற மாதிரி ஒட்டினார்கள். காணாமல்போன ஒருவருக்காக உயிரோடு இருக்கிற ஒருவர் படுத்துக் கொடுத்த உடம்பு. ஓவியம் தெரியாதவர்கள் செய்யக்கூடிய வேலை இது.

தையல்_அக்கா, கூறை மூடையைத் தைப்பதா இல்லையா என்பதை நீங்களும் அந்தச் சீலைக்காரிகளும்தான் சொல்லவேண்டும். ஆனால் நீங்கள் எழுதிய 'சரிகைக் கரை வாய்ப்பக்கம்' என்பதை எந்த ஓவியரும் கற்பனையில் எடுத்திருக்க முடியாது. யாராவது ஒரு பிள்ளை உங்கள் பக்கத்தில் இருந்து அதை அளவோடு வரைந்து எழுதி வைக்கட்டும், முதலில் அது நடக்கட்டும்.

---

மடுவீதி (மன்னார்)

தெற்கைப் பற்றியும் ஒரு வார்த்தை. சிங்களவர் எல்லோரும் வெற்றிச் சிலை செய்தவர்கள் இல்லை. சந்திரகுப்த தேனுவர 1997இல் சோதனைச்சாவடித் தார்ப் பீப்பாக்களையே எடுத்து 'பரலிசம்' என்று ஒரு கண்காட்சி வைத்தார். ஒவ்வொரு வருடமும் ஜூலை 23இல், கறுப்பு ஜூலையை நினைத்து, கண்காட்சி வைக்கிறவர். அந்தப் பீப்பாக்களில் இருந்தது நாங்கள் ஓமந்தைச் சோதனைச்சாவடியில் மணிக்கணக்காக வரிசையில் நின்றபோது பார்த்த அதே பச்சை மண்ணிறப் பூச்சு. ஜகத் வீரசிங்க எம்பிலிப்பிட்டியில் காணாமல் ஆக்கப்பட்ட பாடசாலை மாணவர்களுக்குப் பாராளுமன்றத்துக்குக் கிட்ட 1999இல் நினைவிடம் கட்டினார். அது இப்போது அங்கே இல்லை. கார்ட்டூன் வரைந்த பிரகீத் எக்னெலிகொட 2010 ஜனவரி 24இல் காணாமல் ஆக்கப்பட்டார், அவர் மனைவி சந்தியா எங்கள் அம்மாமாரோடு வந்து இருந்தவர்.

2022இல் கொழும்புக் காலிமுகத்திடலில் ஜனாதிபதிக்கு எதிரான அரகலயப் போராட்டம் நடந்தபோது மே 18 அங்கே கஞ்சி காய்ச்சி நினைவுகூர்ந்தார்கள். கூடாரமெல்லாம் ஓவியம், சுவரெல்லாம் வாசகம். பார்க்கச் சந்தோஷமாகத்தான் இருந்தது. ஆனால் வன்னியில் இருந்து பார்க்கும்போது ஒன்று உறுத்தியது: அவர்கள் ஜனாதிபதி முகத்தைக் கேலியாக வரைந்து நடு ரோட்டில் வைத்துவிட்டு இரவு அங்கேயே பாட்டுப் பாடினார்கள். நாங்கள் அப்படி ஒரு படத்தை முல்லைத்தீவில் வைத்திருந்தால் எத்தனை மணித்தியாலம் நின்றிருக்கும்? பிறகு 2025 மார்ச்சில் கொழும்பிலேயே இஸ்ரேலுக்கு எதிராக ஒரு ஸ்ரிக்கர் ஒட்டியதற்கு 22 வயதுப் பெடியனைப் பயங்கரவாதத் தடைச் சட்டத்தில் பிடித்தார்கள். 1979இல் தற்காலிகம் என்று சொல்லிக் கொண்டுவந்த சட்டம்.

---

ஏ9_ஓரம் (பரந்தன்)

பலஸ்தீன ஓவியர் நஜி அல் அலியைச் சொல்லாமல் விட்டுவிட்டீர்களே. அவருடைய ஹந்தலா பத்து வயதுப் பொடியன், வெறுங்கால், கைகளைப் பின்னால் கட்டிக்கொண்டு எங்களுக்கு முதுகைக் காட்டி நிற்கிறான். 1969இல் பிறந்த பாத்திரம், ஊர் திரும்பும்வரை வளரமாட்டான். அல் அலியை 1987இல் லண்டனில் சுட்டுக் கொன்றார்கள். படம் இன்றைக்கும் சுவர் சுவராக இருக்கிறது. நான்கு கோடு, யாரும் ஒரு நிமிடத்தில் கீறலாம். ரோட்டுக்கு ஏற்ற படம், அதே நேரம் வேறு யாருக்கும் சொந்தமில்லாத படம். எனக்கு வேண்டியது இப்படி ஒன்று. முஷ்டிக்குப் பதில் அந்த அம்மாவின் காணிப் பத்திரத்தை நான் கீறிப் பார்க்கப் போகிறேன்.

---

சித்திரப்பாடம் (கிளிநொச்சி)

எல்லோருக்கும் நன்றி. இந்தத் தவணை நான் செய்து பார்த்ததை எழுதுகிறேன்.

பிள்ளைகளை வீட்டுக்கு அனுப்பி, வீட்டில் வயதான ஒருவரைச் சொல்லச் சொல்லி, அவர் விட்டுவந்த அல்லது அழிந்துபோன வளவை வரையச் சொன்னேன். ஒரு நிபந்தனை: அழிறப்பர் பாவிக்கக்கூடாது. பெரியவர் 'இல்லை, அப்படி இல்லை' என்று திருத்தினால் பிழைக் கோட்டை அப்படியே விட்டு, பக்கத்தில் சரியான கோட்டைப் போடவேண்டும்.

ஒரு பிள்ளையின் தாள் என் முன்னால் இருக்கிறது. சுதந்திரபுரம் பக்கத்து வளவு. கிணறு மூன்று இடத்தில் இருக்கிறது. முதல் இரண்டு வட்டமும் மெல்லிய கோடு, மூன்றாவது அழுத்தமாக. பிள்ளை சொன்னாள், அம்மப்பா முதலில் கிணறு வேலியடியில் என்றாராம், பிறகு எழும்பி முற்றத்தில் நடந்து, 'குசினி வாசலில் நின்று வாளியைப் பார்த்தால் சூரியன் முதுகில் அடிக்கும், அப்படியென்றால் இங்கே' என்று கையைக் காட்டினாராம். கொட்டிலில் இரண்டு மாடு வரைந்திருக்கிறாள், ஒன்றுக்குக் கொம்பு ஒன்று மட்டும். மாமரத்துக்குக் கீழே ஒரு நீள்சதுரம், அதற்குள் ஒன்றும் எழுதவில்லை. அது என்ன என்று கேட்டேன். 'அம்மப்பா அதைப் பற்றிச் சொல்லவில்லை மிஸ், ஆனால் அதை விடவேண்டாம் என்று சொன்னவர்' என்றாள்.

இதே பிள்ளைதான் போன தவணை முஷ்டியும் சங்கிலியும் வரைந்தவள்.

இப்போது ஒரு பிரச்சினை. கண்காட்சிக்குப் பாடசாலை மண்டபம் கிடைக்கவில்லை. 'சிக்கல் வரும், சாதாரணமாகப் பூவும் இயற்கைக் காட்சியும் வையுங்கள்' என்று சொல்லிவிட்டார்கள். சனசமூக நிலையத்து வாசிகசாலையைக் கேட்கலாமா என்று பார்க்கிறேன். பெரியவர்களின் பெயரைப் படத்துக்குக் கீழே போடுவதா என்பதும் தெரியவில்லை.

---

குளக்கட்டு (துணுக்காய்)

பெயர் வேண்டாம். ஊர் பெயர் போடுங்கள். யார் யாருடைய வளவு என்று ஊர்ச் சனத்துக்குத் தெரியும், தெரியவேண்டாத ஆளுக்குத் தெரியவேண்டாம். பெயர் எழுதிய பட்டியல் ஒன்றைத் தனியாக, பெரியவர்கள் சம்மதித்தால் மட்டும், வீட்டுக்காரரிடமே கொடுத்து வையுங்கள்.

துக்கத்துக்குப் பெயர் வைப்பது பற்றி முதல் எழுதியதில் இன்னும் நிற்கிறேன். ஆனால் அந்தக் கிணற்றுப் படத்தை நான் வந்து பார்க்கவேண்டும்.

---

தூரிகை_முதியவன் (விசுவமடு)

வாசிகசாலையில் தொங்கவிட ஆள் வேண்டுமென்றால் சொல்லுங்கள், பிள்ளை. படத்தைச் சுவரில் ஆணி அடிக்காமல் மாட்டத் தெரியும். நான் சொல்ல வரைய ஒரு பிள்ளையையும் அனுப்புங்கள். பங்கரின் நீளம் அகலம் எனக்கு நன்றாக ஞாபகம் இருக்கிறது.

---

பிறின்ற்கடை (முல்லைத்தீவு)

ரீச்சர், மண்டபம் கிடைக்கிறதோ இல்லையோ, முதலில் எல்லாத் தாளையும் ஸ்கான் பண்ணிவிடுங்கள். தொங்கவிட்ட பிறகு யார் எடுத்துக்கொண்டு போனாலும் பிரதி இருக்கவேண்டும். என் கடையில் ஏ3 வரைக்கும் எடுக்கலாம், காசு வேண்டாம், ஞாயிற்றுக்கிழமை கடை பூட்டிய பிறகு வாருங்கள். பென்சில் கோடு மெல்லியது என்றபடியால் 600 டிபிஐயில் கலரில் எடுப்போம், கறுப்பு வெள்ளையில் எடுத்தால் அந்த முதல் இரண்டு கிணறும் காணாமல் போய்விடும். தாள்களைச் சுருட்டாமல் இரண்டு மட்டைக்கு நடுவில் தட்டையாக வைத்து, ஒவ்வொன்றுக்கும் இடையில் எண்ணெய்த்தாள் போட்டுக் கொண்டுவாருங்கள். பின்பக்கத்தில் பெரியவர்கள் ஏதாவது எழுதியிருந்தால் அதையும் சேர்த்து எடுப்போம். ஒரு பிரதி உங்களிடம், ஒன்று என்னிடம், ஒன்று நாட்டுக்கு வெளியில் இருக்கிற யாராவது நம்பிக்கையான ஆளிடம்.